திருநீறு பூசிய போடிங் பாஸ்

போன கிழமை சுகன்யா தொலைபேசி எடுத்தாள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில், பதினெட்டு வருடம் நான் இருந்து விமான ரிக்கற் போட்ட கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். வழமையாகச் சுகம் விசாரித்துவிட்டுத்தான் விசயத்துக்கு வருவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே அழாக்குறை.

"ஜெசிந்தா அக்கா, திரும்பவும் மாத்திப்போட்டாங்கள். கூட்டு விமானத்திலை போனால் இனி முந்தின மாதிரி மைல் விழாதாம். சனம் வந்து என்னைத் தின்னுது. நான் என்னெண்டு விளங்கப்படுத்துறது?"

"முதல்லை உனக்கு விளங்கிச்சுதோ?"

"இல்லை."

"அப்ப என்ன, அவையும் நீயும் ஒரே கட்சிதானே. பயப்பிடாதை."

சிரித்துவிட்டு, "நீங்கள் இதைப் பற்றி எழுதித் தாங்கோவன் அக்கா, புதுசா வந்த பிள்ளையளுக்கும் குடுக்கலாம்" என்றாள். அவள் எதிர்பார்த்தது சட்டதிட்டங்களை. அதை எழுதி என்ன பயன்? நான் எழுதின மை காயமுதல் கம்பனிக்காரன் வேறொன்றை மாற்றி வைத்திருப்பான். ஆகவே எனக்கு மறக்காத ஒரு அலுவலை எழுதுகிறேன். அதற்குள் சட்டமும் கொஞ்சம் வரும்.

விமானம் ஏறாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரு கம்பனியின் விமானத்தில் பறந்தால், பறந்த தூரத்துக்கு ஏற்ப அந்தக் கம்பனி எங்கள் பெயரில் புள்ளி போடும். அதற்குத்தான் மைல் என்று பெயர். போதிய மைல் சேர்ந்தால் ஒரு ரிக்கற் கிடைக்கும், வரியை மட்டும் கட்டினால் போதும். இந்தக் கம்பனிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்திருப்பதால், ஒன்றில் பறந்துவிட்டு அதன் கூட்டுக் கம்பனியில் எங்களுக்கு இருக்கிற அங்கத்துவ இலக்கத்துக்கும் மைலைப் போடலாம். பிறகு ஒவ்வொரு கம்பனியாகச் சட்டத்தை மாற்றத் தொடங்கியது. சிலது தூரத்தை விட்டுவிட்டு ரிக்கற்றுக்குக் கட்டின காசைப் பார்த்து மைல் போட்டது. சிலது தூரத்தையே பார்த்தது, ஆனால் ரிக்கற்றில் இருக்கிற ஒரு எழுத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்தது. எந்தக் கம்பனியில் பறந்து எந்தக் கம்பனியில் போட்டால் ஆதாயம் என்பது எனக்கு அத்துப்படி. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

நான் குருநகரில் கடற்றொழில் செய்தவரின் மூன்றாவது மகள். அப்பா கடலுக்குப் போனார், நீ சனத்தை ஆகாயத்துக்கு அனுப்புகிறாய் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். கொழும்பில் ஆறு மாதப் படிப்பு, ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகளைச் செபமாலை சொல்வதுபோல மனப்பாடம் செய்தது, வெள்ளவத்தைக் கிளையில் தேத்தண்ணியும் தொலைபேசியும் பார்த்தது எல்லாம் ஒரு வரிக்குள் அடங்கும். மிச்சம் முழுக்க நடராசா சேர்தான். சண்டை நின்று பாதை திறந்து யாழ்ப்பாணத்தில் கிளை போட்டபோது அவர் மனேச்சராக வந்தார், நானும் கூட வந்தேன்.

சேருக்கு வாய் திறந்தால் தேசிக்காய்ப் புளி. ஆனால் வேலை என்று வந்தால் பூசைக்கு இறங்கினவர் மாதிரித்தான். ரிக்கற்றைக் கையால் எழுதிய காலத்தில், எழுத முன்பு எழும்பிப் போய் இரண்டு கையையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வந்து இருப்பார். சிவப்புக் காபன் கையில் பட்டால் நாலு தாளிலும் அழுக்கு இறங்கிவிடும். எழுதி முடிந்ததும் மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைத்து உரத்து வாசிப்பார். பெயர், புறப்படும் ஊர், திகதி, நேரம், கடைசியில் அந்த எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் பயணி ஓம் சொல்ல வேண்டும்.

"ஓம் எண்டு வாயாலை சொல்லுங்கோ. நீங்கள் தலையாட்டினால் எனக்குக் கேக்காது."

வரிக் கடைசியில் நிற்கிற அந்த ஒற்றை எழுத்தில் அவருக்குத் தனிப் பற்று. ரிக்கற் என்ன வகை, திகதி மாற்றலாமா, எந்த இருக்கை, எல்லாம் அதில் இருக்கிறது. "பேரை எல்லாரும் பாப்பினம். எழுத்தைப் பார்" என்று என்னிடம் சொன்னது ஒரு தரம் இல்லை, ஒரு நூறு தரம் இருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கண் எனக்கு அங்கேதான் வந்தது.

அவருடைய வாசிப்பால் ஒருமுறை ஒரு கேடும் நடந்தது, அதையும் மறைக்கக்கூடாது. பருத்தித்துறையில் இருந்து ஒரு இளம் பெண் மாமியாரோடு வந்தாள். வெளிநாட்டில் இருக்கிற தமையனிடம் மூன்று மாதம் போய் நின்றுவிட்டு வரப்போவதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். சேர் அடிமட்டத்தை வைத்து, "ஒரு வழி. திரும்பிற ரிக்கற் இல்லை. ஓமோ?" என்று கேட்டார். அவள் ஓம் சொல்லவில்லை. மாமியார் போட்ட சத்தம் கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்டது. அந்தப் பிள்ளை ரிக்கற்றை மேசையில் விட்டபடி இறங்கிப் போனாள், பிறகு வரவேயில்லை. அவள் எப்படி வாழ்ந்தாளோ என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அன்று பின்னேரம் சேர் என் மேசையடியில் வந்து நின்று, "நான் வாசிச்சது பிழையோ?" என்று கேட்டார். அவர் ஓய்வு பெற்ற பிறகு நானும் வாசித்தேன், ஆனால் மெல்லமாக, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, சிலதை விட்டுவிட்டு.

பிறகு கணினி வந்தது, மைல் வந்தது. எங்கள் ஆட்கள் அதில் விட்ட பிழை வேறு எவரும் விட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பதுபோல மைலுக்கும் ஒரு பெரியவர். தாய் போனாலும், தங்கச்சி போனாலும், சித்தப்பா செத்தவீட்டுக்கு ஓடினாலும், லண்டனில் இருக்கிற மூத்த அண்ணையின் இலக்கத்தைத்தான் கொடுப்பார்கள். "எல்லாம் ஒரு இடத்திலை சேரட்டும் மிஸ், அண்ணை பாத்துக்கொள்ளுவார்." கம்பனிக்கு அண்ணையும் தெரியாது, ஆட்டுக்குட்டியும் தெரியாது. பறந்தவர் பெயரும் இலக்கத்துக்குரியவர் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு மைல்கூட விழாது. அண்ணைக்கும் இல்லை, பறந்தவருக்கும் இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்ததுதான் மிச்சம்.

அப்படித்தான் தவமணி அக்காவும் வந்தா. புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிற கதிரவேலரின் மனைவி. மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில், எங்கே பேரப்பிள்ளை பிறந்தாலும் பத்தியம் காய்ச்சிக் கொடுக்க இவதான் போகவேண்டும். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மாறி மாறிப் போய், கடைசியாக மெல்பேணில் இருக்கிற இளைய மகன் ஜெகனிடம் போய் வந்திருந்தா. கையில் ஒரு பழைய பிஸ்கற் ரின்.

"தங்கச்சி, உந்த மைல் எண்டுறது சும்மா ரிக்கற் தருமாமே. நான் இவ்வளவு தரம் போய் வந்திருக்கிறன். இவருக்கு ஒரு ரிக்கற் வருமோ எண்டு பார்."

இவர் என்றது கதிரவேலரை. ஜெகன் தன் விருப்பப்படி, வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுக் கந்தோரில் கலியாணம் எழுதியிருக்கிறான். கோயில் திருவிழாவில் ஆரோ வந்து "மருமகள் எப்பிடி?" என்று கேட்டபோதுதான் கதிரவேலருக்கே தெரிந்திருக்கிறது. பிறகு ஊருக்கு விருந்து வைக்கச் சொல்லி மகன் காசு அனுப்பினான். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்பது வருடம் பேச்சு இல்லை. இப்போது அங்கே ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள்.

"வீசாவுக்கு ஓம் எண்டிட்டார் தங்கச்சி. அதே பெரிய காரியம். ஆனால் 'போறன், அவன்ரை காசிலை இல்லை' எண்டு நிக்கிறார். மற்றப் பிள்ளையளிட்டையும் வாங்க மாட்டாராம், அதுகளும் தம்பிக்காகத் தரப் பாக்குதுகளாம். தோட்டக் காசிலை போகலாம் எண்டால் மாரி மழை வெங்காயத்தை முழுக்க அழுக்கிப்போட்டுது. எழுபத்திரண்டு வயசு. இன்னொரு போகம் பாத்துக்கொண்டு இருக்கேலுமோ?"

ரின்னைத் திறந்தேன். ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்ததும் போடிங் பாஸின் துண்டைப் பிள்ளையார் படத்தடியில் வைத்து, திருநீறு பூசி, பிறகு ரின்னில் போடுவாவாம். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததுக்கு நன்றியாம். எங்கள் சனம் இறங்கின கையோடு எறிகிற துண்டுகள் இங்கே பெட்டியாக இருந்தன. எனக்கு ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கணினியில் பார்த்தால் எல்லாப் பயணத்திலும் லண்டனில் இருக்கிற மூத்த மகனின் இலக்கம். ஒன்றும் விழவில்லை.

வழி இருந்தது, ஆனால் ஒடுங்கின வழி. அவ பறந்த கம்பனி ஏற்கெனவே சட்டத்தை மாற்றிவிட்டது, அங்கே போட்டால் சொற்பம்தான். அதன் கூட்டுக் கம்பனி ஒன்று பழையபடி தூரத்தையும் எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாகச் சேருபவர் அதற்கு முந்தின ஆறு மாதப் பயணத்தைக் கேட்டு வாங்கலாம் என்றும் இருந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதியோடு அந்தக் கம்பனியும் மாறுகிறது. லண்டன், ரொறன்ரோ எல்லாம் ஆறு மாதம் தாண்டிவிட்டது. மிஞ்சினது மெல்பேண் பயணம் ஒன்றுதான், போக இரண்டு, வர இரண்டு, நாலு துண்டு. சாதாரண இருக்கையில் போனவவுக்கு அது கொழும்பில் இருந்து சென்னைக்குக்கூடக் காணுமோ தெரியாது. எப்படி இதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு முதல் துண்டை எடுத்தேன். திருநீற்றில் எழுத்துத் தெரியவில்லை. நான் தேவாலயம் போகிற வேதக்காரி, மற்றவர் கும்பிட்ட திருநீற்றை ஊதக் கூடாது என்று பட்டது. கைலேஞ்சியால் மெல்ல ஒற்றினேன்.

'சி' என்று இருந்தது.

மற்ற மூன்றையும் ஒற்றிப் பார்த்தேன். எல்லாம் 'சி'.

"அக்கா, நீங்கள் விமானத்திலை எங்கை இருந்தனீங்கள்?"

அவவின் முகம் கள்ளம் பிடிபட்ட முகமாகிவிட்டது. "முன்னுக்கு. கால் நீட்டிப் படுக்கலாம். எனக்கு முழங்கால் ஏலாது எண்டு தம்பி எடுத்துத் தந்தவன். ஐயோ, இவருக்குச் சொல்லிப்போடாதை தங்கச்சி. காசுத் திமிர் காட்டுறான் எண்டு அதுக்கும் சேத்துக் கோவிப்பார். நான் சும்மா சீற் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

'சி' என்ற எழுத்துக்குச் சாதாரண எழுத்தைவிடப் பல மடங்கு மைல். கணக்குப் போட்டேன். மெல்பேணுக்கு ஒரு வழிக்குக் காணும், ஒரு நூல் இடைவெளியில்.

அவவின் பெயரிலேயே புது இலக்கம் எடுத்தேன். நாலு துண்டையும் படம் பிடித்து, ரிக்கற் இலக்கத்தோடு விண்ணப்பம் போட்டேன். ஒன்பதாம் நாள் மூன்று ஏறியது. ஒன்று ஏறவில்லை, "தகுதி இல்லை" என்று பதில். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ரிக்கற்றைத் திரும்ப எடுத்து, சேரின் அடிமட்டம் இல்லாத குறைக்கு ஒரு கடித உறையை வைத்து வரி வரியாக வாசித்தேன். அந்தத் துண்டில் இருந்த விமான இலக்கம் ஒரு கம்பனியுடையது, ஓடின விமானம் வேறு கம்பனியுடையது. கூட்டில் இது சாதாரணம். நான் இலக்கத்தைப் பார்த்துப் போட்டுவிட்டேன், விமானத்தை ஓட்டின கம்பனியின் பெயரில் கேட்டிருக்க வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் ஆனையும் இல்லை. திருத்திப் போட்டேன். மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் அதுவும் ஏறியது. உடனே புத்தூருக்குத் தொலைபேசி எடுத்து, போறதுக்கு மட்டும் காணும் என்று சொல்லி, கதிரவேலரின் பாஸ்போட்டோடு வரச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை பத்தரைபோல இரண்டு பேரும் வந்தார்கள். கதிரவேலர் நெடிய மனிதர், தோய்த்து மடித்த வேட்டி, கதிரையில் இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார். பாஸ்போட்டை என் கையில் தரவில்லை, தன் கையிலேயே வைத்திருந்தார்.

"பிள்ளை, உது ஆரின்ரை காசு?"

"காசில்லை ஐயா. அக்கா பறந்த மைல். அவவின்ரை பேரிலை இருக்கு, உங்களுக்கு ரிக்கற் எடுக்கிறா."

"எந்தப் பயணத்திலை வந்த மைல்?"

தவமணி அக்கா அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினா. பழைய பயணங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பருத்தித்துறைப் பிள்ளை மேசையில் விட்டுப்போன ரிக்கற் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. வாசித்தால் இந்த மனிதரும் இறங்கிப் போய்விடுவார். வாசிக்காவிட்டால்? அங்கே மகன் வீட்டில் இறங்கின பிறகு தெரியவரும், மனைவியும் சேர்ந்து தன்னை ஏமாற்றியதாக எடுத்துக்கொள்வார். அதோடு, அவர் என்னிடம் நேரே கேட்கிறார். நேரே கேட்கிறவருக்குப் பொய் சொல்லி ரிக்கற் கொடுத்து எனக்குப் பழக்கம் இல்லை. துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினேன். உரத்துத்தான் வாசித்தேன்.

"கொழும்பு, சிங்கப்பூர். சிங்கப்பூர், மெல்பேண். திரும்பி வந்ததும் அதே வழி. மெல்பேண் பயணம் ஐயா. ரிக்கற் எடுத்தது உங்கடை மகன். கடைசியிலை நிக்கிற எழுத்து 'சி'. அது படுத்துக்கொண்டு போற சீற். சும்மா சீற்றிலை அனுப்பியிருந்தால் இவ்வளவு மைல் வந்திராது."

தவமணி அக்கா நெஞ்சில் கையை வைத்தா. கதிரவேலர் குனிந்து, திருநீறு ஒட்டியிருந்த அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் கதிரையை இழுத்து இருந்தார்.

"உந்தச் சீற் விலையோ?"

"ஓம் ஐயா. நல்ல விலை."

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "முழங்காலுக்கோ?"

"ஓம். நான் ஒருநாளும் சொல்லேல்லை, தானாத்தான் எடுத்தவன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பியள் எண்டு உங்களுக்கே தெரியும்."

மின்விசிறி துண்டுகளைக் கிளப்பப் பார்த்தது, நான் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, சொல்ல வெட்கம் இல்லை. கடைசியில் கதிரவேலர் பாஸ்போட்டை என் பக்கம் தள்ளினார்.

"போறத்துக்குக் காணும் எண்டீர். வாறத்துக்கு?"

"வாறத்துக்கு மைல் இல்லை ஐயா."

"அப்ப அதை அவனை எடுக்கச் சொல்லும்" என்றார், மனைவியிடம்.

தவமணி அக்கா சொன்ன தொலைபேசி இலக்கத்தை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். அங்கே பின்னேரம். "தம்பி, அப்பா வாறார்… ஓமடா, உண்மை… வாற ரிக்கற்றை உன்னை எடுக்கட்டாம்…" அதோடு தொலைபேசியைக் கணவரின் கையில் வைத்துவிட்டா. அந்தப் பக்கத்தில் இருந்து "அப்பா" என்று ஒரு குரல் எனக்கும் கேட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கதிரவேலர் மகனிடம் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"எனக்கு உந்தப் படுக்கிற சீற் வேண்டாம். சும்மா சீற் எடு."

நான் கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ரிக்கற்றைப் போட்டேன். வரியை அவரே கட்டினார். வரி வரியாக வாசித்தேன், ஒவ்வொன்றுக்கும் வாயால் ஓம் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை தனியாகப் படியேறி வந்தார். கொஞ்சம் வெளுத்திருந்தார். சட்டைப் பையில் இருந்து திரும்பி வந்த பயணத்தின் இரண்டு துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டிலும் திருநீறு.

"எழுத்தைப் பாரும் பிள்ளை."

கைலேஞ்சியால் ஒற்றிப் பார்த்தேன். 'சி'.

"சொல்வழி கேக்கமாட்டான்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை ஒளிக்க அவருக்குத் தெரியவில்லை. "இதை என்ரை பேரிலை போடும். மூத்தவன்ரை நம்பரிலை இல்லை, மனிசின்ரையிலையும் இல்லை. பேத்தி நடக்கத் தொடங்கினால் போகவேணும்."

எனக்கு மனம் சங்கடப்பட்டது. "ஐயா, சட்டம் மாறிப்போச்சு. இனி உதுக்கு முந்தின மாதிரி விழாது. அரைவாசிதான்."

அவர் யோசித்ததாகக்கூடத் தெரியவில்லை.

"அரைவாசி எண்டால் ரெண்டு தரம் போய் வந்தால் சரிதானே பிள்ளை."